சுவரை நிமிர்த்தியவன்

அடுத்தவர் வீட்டுக்குப் போனால், கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். இதனால் சில வீடுகளில் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். போகட்டும். வீடுகளின் உள்ளறைகளைப் படம் எடுப்பது என் தொழில். படத்தில் சுவர் நேராக நிற்க வேண்டும், கதவு நிலை நேராக நிற்க வேண்டும். கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வைத்தால் போதும், அறையில் உள்ள அத்தனை சுவர்களும் மல்லாக்கச் சாயத் தொடங்கிவிடும். அவற்றைக் கம்ப்யூட்டரில் பிடித்து இழுத்து நிமிர்த்துவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயருக்கு ஆப்பு வைத்தவர் ஒரு பதிப்பாசிரியர் அம்மாள். வீட்டுக் கூடங்களைப் பற்றி மேஜையை அடைக்கிற மாதிரி ஒரு புத்தகம் போடுகிறார். பன்னிரண்டு கூடங்களைத் தேர்ந்தெடுத்து, படம் எடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். கம்ப்யூட்டரில் இழுத்த படம் வேண்டாம், பெரிதாக அச்சிட்டால் ஓரமெல்லாம் கூழாகிவிடுகிறது, கேமராவிலேயே நேராக எடுத்துத் தாருங்கள் என்றார். அதற்கென்றே ஒரு வகைக் கேமரா உண்டு. அதில் லென்ஸை மட்டும் தனியாக மேலே தூக்கலாம். கேமரா நிமிர்ந்தபடி நிற்க, கூரை தானாகப் படத்துக்குள் இறங்கி வரும். இத்தனை வருடம் அதை வாங்காமல் ஒப்பேற்றியிருந்தேன். இனி முடியாது.

பன்னிரண்டு கூடங்களில் ஒன்று என் அத்தான் கட்டியது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவர். அக்கா பல் டாக்டர். அவள் கிளினிக்குக்காக வீட்டின் முன்பகுதியில் அவர் ஒரு காத்திருப்புக் கூடம் கட்டியிருந்தார். அதன் இடது பக்கம் முழுக்கப் பதினெட்டு அடி உயரத்துக்குப் பூசாத செங்கல் சுவர். அந்தச் சுவர் கூரையைத் தொடாது. நடுவில் ஒரு சாண் இடைவெளி, அதை வெளியிலிருந்து கண்ணாடி மூடியிருக்கும். காலை வெயில் அந்த இடைவெளி வழியாக வந்து செங்கல் மேல் வழியும். சுவரடியில் நீளமான மரப் பெஞ்ச். பல்வலிக்காரர்கள் அதில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்திருப்பார்கள்.

அத்தான் இருபத்தைந்து வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் கட்டியதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது ஒரு புத்தகத்தில் எட்டுப் பக்கம் வரப்போகிறது. அம்மாளின் கடிதம் வந்த அன்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். துணி தேய்த்துத் தருபவருக்கும் காட்டினார். அவரும் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு முழுசாகப் படித்தார் என்று அத்தானே சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தொழிலில் என்னைக் கைதூக்கிவிட்டவர் அவர்தான், முதல் ஐந்து வருடம் எனக்கு வந்த வேலையெல்லாம் அவர் சொல்லி வந்தது.

அந்தக் கூடத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். வருடா வருடம் அத்தான் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவார். அதில் அந்தக் கூடத்தின் படம்தான் இருக்கும், அதே இடத்திலிருந்து, அதே நேரத்தில் எடுத்தது. இடம் மாறக் கூடாது என்பதற்காக ட்ரைபாடின் மூன்று கால்களுக்கும் தரையில் மூன்று எஃகுப் பொட்டுகள் பதித்து வைத்திருக்கிறேன். அது என்ன ஆணி என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அக்கா அலுத்துவிட்டாள். முதல் வருடம் எடுத்தபோது, கோடியில் இருக்கும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் ஒன்று படத்தில் விழுந்தது. இந்தக் குழாய் மொத்தத்தையும் கெடுக்கிறது என்று சொன்னேன். அடுத்த வாரமே அத்தான் அதைப் பிடுங்கி, செங்கல் சுவருக்கு வெளிப்பக்கம் கொண்டுபோய், சுவரடியில் ஒரு குழி தோண்டி அதற்குள் இறக்கி மூடிவிட்டார். மறுபடி எடுத்தேன். படம் பளிச்சென்று இருந்தது.

கேமராக் கடைக்காரர் எனக்குப் பழக்கம். எந்தப் பொருளையும் புகழ மாட்டார். அதனாலேயே அவரிடம் போவேன். இரண்டு கேமராக்களை எடுத்து முன்னால் வைத்து, பத்து நாள் வைத்துப் பாருங்கள், பத்தாம் நாள் ஒன்று திரும்பி வர வேண்டும் என்றார். ஒன்று நீளமான தண்டவாளம் மாதிரி. அதன் மேல் முன்னால் ஒரு சட்டம், பின்னால் ஒரு சட்டம், நடுவில் தோல் துருத்தி. இரண்டு சட்டமும் ஏறும், இறங்கும், நகரும், சாயும், திரும்பும். அதால் முடியாத காரியம் இல்லை. இன்னொன்று வெறும் பலகை. லென்ஸ் மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் போகும், அவ்வளவுதான். நான் துருத்தியைப் பார்த்த பார்வையிலேயே கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. பலகையையும் என் தலையில் கட்டித்தான் அனுப்பினார்.

துருத்தியோடு நேராக அக்கா கிளினிக்குக்குப் போனேன். நன்றாகத் தெரிந்த அறையில்தான் புதுக் கேமராவைச் சோதிக்க வேண்டும். காலை பத்து மணி, பெஞ்சில் ஏழு பேர். மூன்று பொட்டுகளில் ட்ரைபாடை நிறுத்தினேன். ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றது. கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு பின்னால் இருக்கிற மங்கல் கண்ணாடியைப் பார்த்தேன். இந்த வகைக் கேமராவில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். கூரை கீழே கிடந்தது. பல்வலிக்காரர்கள் மேலே வௌவால்களாகத் தொங்கினார்கள். அவர்களில் ஒரு பெரியவர் எழுந்து வந்து, எக்ஸ்ரே இங்கேதான் எடுக்கிறீர்களா என்று துணிக்கு வெளியிலிருந்து கேட்டார். உள்ளே எடுப்பார்கள் என்றேன்.

மங்கல் கண்ணாடியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். கதவு நிலை ஒரு கோட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. செங்கல் சுவரின் ஓரம் நிற்கவில்லை. கோட்டில் ஆரம்பித்து, உச்சிக்குப் போகப் போக அறையின் பக்கம் விலகியது. மயிரிழைதான். ஆனால் நான் இருபத்திரண்டு வருடமாக மயிரிழையில் பிழைப்பு நடத்துகிறவன். கேமரா முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டினேன். சுவர் என்று நினைக்கவே இல்லை. அட்டையில் ஐந்து வருடமாக நேராக நிற்கிற சுவர் அது.

துருத்தியைக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் வாசலில் நூல் கட்டித் தொங்கவிட்டு, துருத்தியால் அதைப் பார்க்கச் சொன்னார். நூல் கோட்டின் மேல் கிடந்தது. மறுநாள் பலகையை எடுத்துப் போனேன். அதே சுவர், அதே விலகல். இரண்டையும் தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போய், கம்பெனியிலிருந்து வரும் வழியில் லாரியில் இரண்டுமே அடிபட்டிருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், ரெண்டும் வேற வேற ஆளு செஞ்சது. ஒண்ணையொண்ணு பாத்ததுகூட இல்ல. ரெண்டும் பேசிவச்ச மாதிரி ஒரே பொய்யச் சொல்லுமா?"

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தூக்குக்குண்டை எடுத்துக் கொடுத்தார். கொத்தனார்கள் சுவர் நேர் பார்க்கிற பித்தளைக் குண்டு, நூலோடு. கேமராக் கடையில் இது எதற்கு என்று கேட்டேன். கேமரா கோணல் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்காக வாங்கி வைத்தது என்றார்.

அத்தான் கட்டிய சுவரில் தூக்குக்குண்டு போடுவது சின்ன விஷயம் இல்லை. அவருக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். சமையலறை ஜன்னல் கொஞ்சம் தாழ்வோ என்று என் மனைவி ஒருதரம் வாய்தவறிக் கேட்டதற்கு, எங்கள் வீட்டுப் பக்கம் ஏழு மாதம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை போனேன். கிளினிக் விடுமுறை, அத்தான் வேலை நடக்கிற இடத்துக்குப் போயிருந்தார். கண்ணாடி துடைக்கிற ஏணியைப் போட்டு உச்சிக்கு ஏறி, நூலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் குண்டை இறக்கினேன். அது ஆடி அடங்குகிற வரை காத்திருந்தேன். கீழே வந்து பார்த்தால் சுவருக்கும் குண்டுக்கும் நடுவில் நாலு சென்டிமீட்டர்.

அக்கா உள்ளிருந்து ஏணிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் பார்க்கிறேன் என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கட்டும்போதே கொத்தனார் கோட்டை விட்டிருக்கிறான், பாவம் அத்தான், அதைக் கண்டுபிடிக்கவே இல்லை என்று நினைத்தேன். ஐந்து வருடம் நின்ற சுவர் இனியும் நிற்கும். அதைப் போய் இப்போது சொல்லி, புத்தகம் வருகிற நேரத்தில் அந்த மனுஷன் சந்தோஷத்தில் மண்ணைப் போட வேண்டுமா? சொல்லாமல் இருப்பதுதான் நான் செய்கிற நன்றி என்றே நினைத்தேன். நினைத்தபோது நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

திங்கட்கிழமை காலை துருத்தியோடு போய் வேலையை முடித்தேன். பின்சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் திருப்பினேன். மங்கல் கண்ணாடியில் சுவர் மெதுவாக நிமிர்ந்து கோட்டில் உட்கார்ந்தது. கதவு நிலை மட்டும் அந்தப் பக்கம் இம்மி நகர்ந்தது. அதை ஒரு திரைச்சீலையால் மறைத்தேன். கம்ப்யூட்டர் தொடவே இல்லை, அம்மாளின் நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினேன். அன்று மாலையே பதில் வந்தது. இதுதான் புத்தகத்தின் அட்டைப்படம் என்று எழுதியிருந்தார். அத்தானுக்குப் போனில் சொன்னேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்டார்.

துருத்தியை வாங்குவது என்று தீர்மானமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை, புதுப் படத்தைப் பழைய படங்களோடு சேர்த்து வைக்க உட்கார்ந்தேன். கொத்தனார் எவ்வளவுதான் கோட்டை விட்டிருக்கிறான் பார்ப்போம் என்று, முதல் வருடப் படத்தின் அசலைத் திறந்தேன். நான் கைவைப்பதற்கு முன்னால் கேமரா எடுத்த அசல். ரசமட்டம் பார்த்து, கேமராவை அண்ணாக்காமல், அதே மூன்று பொட்டுகளில் நிறுத்தி எடுத்தது. சுவர் நேராக இருந்தது.

இரண்டாம் வருட அசலைத் திறந்தேன். உச்சியில் நூலளவு சாய்வு. மூன்றாம் வருடம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். நாலாம் வருடம் அதன் இரட்டிப்பு. ஐந்தாம் வருடம் இன்னும் அதிகம். நான் ஒவ்வொரு வருடமும் எவ்வளவு நிமிர்த்தினேன் என்பதைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்துக்கும் எண்ணாகக் குறித்து வைத்திருந்தது. வருடா வருடம் அந்த எண்ணை நானே ஏற்றியிருக்கிறேன். ஏன் ஏற்றுகிறேன் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. கேமராவைக் குறை சொல்லியிருப்பேன். கோணலைக் கண்டால் நேராக்கிவிட்டு உட்காருகிறவன் நான்.

சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில் பெஞ்ச். அக்காவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. நோயாளியின் வாயில் கைவைத்திருக்கும்போது அவள் எடுக்க மாட்டாள். ஐந்து அசல்களையும் காகிதத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது மதிய இடைவேளை. பெஞ்ச் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் மூச்சு வந்தது. அக்காவும் அத்தானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் முகம் முந்தின நாள் சந்தோஷத்திலேயே இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் ஐந்தையும் வரிசையாக வைத்தேன்.

"என்ன மாப்ள, பழைய அட்டையா?"

"அட்டை இல்ல அத்தான். அட்டைக்கு முன்னாடி உள்ளது. நான் கை வைக்காதது."

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு படத்திலும் சுவர் ஓரத்துக்கும் கதவு நிலைக்கும் நடுவே மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளந்தார். ஐந்தாவதை இரண்டு முறை அளந்தார். அந்த முகத்தை நான் முன்னால் பார்த்ததில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. தூக்குக்குண்டு போட்டதையும், நாலு சென்டிமீட்டரையும், அட்டைப்படத்தில் செய்த வேலையையும் சொல்லி முடித்தேன்.

"வருஷா வருஷம் நேராக்கினியா?"

"ஆமா."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சுவர் சாயுதுன்னு தெரியல அத்தான். ஞாயித்துக்கிழம தெரிஞ்சுது. அப்பவும் சொல்லல."

அக்கா படங்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழம தெரிஞ்சுது. நேத்து அந்தப் பெஞ்சுல நாப்பத்தோரு பேர் உக்காந்திருந்தாங்க."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்துபோய், மதியத்துக்கு மேல் வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்யத் தொடங்கினாள். அத்தான் கூடத்துக்குப் போனார். சத்தம் கேட்டுப் பின்னால் ஓடினேன். பெஞ்சைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். நாலு பேர் தூக்க வேண்டிய பெஞ்ச். இன்னொரு முனையை நான் பிடித்தேன். வலது சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டோம்.

மறுநாள் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்தார். சுவருக்கு வெளியே தோண்டச் சொன்னார். இரண்டடி ஆழத்தில் களிமண் சொதசொதவென்று இருந்தது. மழைநீர் எல்லாம் சுவரடிக் குழியில் இறங்கி, களிமண் ஊறி உப்பி, அஸ்திவாரத்தின் வெளி ஓரத்தை மேலே தூக்கியிருக்கிறது, அதனால்தான் சுவர் உள்ளே சாய்கிறது என்றார். அடுத்த மழைக்காலத்தைத் தாண்டியிருக்காது என்றும் சொன்னார். பிறகு நிமிர்ந்து, சுவரடியில் கொண்டுவந்து யார் இந்தக் குழாயை விட்டது என்று கேட்டார்.

"நான்தான் போட்டேன்," என்றார் அத்தான்.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் சொன்னோம்.

சுவருக்கு முட்டுக் கொடுத்து, செங்கல் செங்கல்லாகக் கழற்றினார்கள். மூன்று நாள் ஆயிற்று. அம்மாளுக்குக் கடிதம் எழுதினேன். அந்த அட்டைப்படத்தில் உள்ள சுவர் நேராக இல்லை, நான்தான் கேமராவை வளைத்து நிமிர்த்தினேன், இப்போது அந்தச் சுவரே இல்லை என்று. இரண்டு வரியில் பதில் வந்தது. அட்டைக்கு வேறு கூடத்தைப் பார்த்துக்கொள்கிறோம், மழைக்காலம் முடிவதற்குள் உங்கள் அத்தான் எதையாவது கட்டினால் படம் அனுப்புங்கள், இல்லையென்றால் பதினொன்றோடு போகிறோம் என்று. அத்தானிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னோடு வேலை விஷயமாக மட்டும் பேசினார். அது நியாயம்தான் என்று எனக்கே பட்டது.

பத்தாம் நாள் துருத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் புருவத்தைத் தூக்கினார். பலகையில் எதையும் நிமிர்த்த முடியாது, அதனால் அதுவே போதும் என்றேன். அந்தக் குறையைச் சொல்லித்தான் பல பேர் அதைத் திருப்பித் தருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே ரசீது எழுதினார். தூக்குக்குண்டைக் கேட்டார். சுவரை அளக்க அத்தான் அதை வாங்கி வைத்துக்கொண்டார், திருப்பிக் கேட்கும் நிலைமையில் நான் இல்லை என்றேன்.

இரண்டரை மாதத்தில் அத்தான் புதுச் சுவர் கட்டினார். பழைய செங்கல்தான். ஆனால் இடுப்பளவு உயரம், அதற்கு மேல் முழுக்கக் கண்ணாடி. பெஞ்ச் வலது பக்கமே இருந்துவிட்டது. படம் எடுக்க என்னைக் கூப்பிட்டது அக்கா.

நான் போன காலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பொட்டுகளில் ட்ரைபாடை நிறுத்தி, பலகையை ஏற்றி, குமிழியை நடுவில் கொண்டுவந்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கூரை கீழே கிடந்தது. பல்வலிக்காரர்கள் மேலே தொங்கினார்கள். கதவு நிலை ஒரு கோட்டில், புதுச் சுவர் ஒரு கோட்டில். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, முதல் வருடம் இருந்த அதே இடத்தில், சாம்பல் நிறத்தில் மழைநீர்க் குழாய். தண்ணீர் அதிலிருந்து பெருகி, சுவரை விட்டு விலகி, தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. லென்ஸைப் பக்கவாட்டில் இரண்டு விரல் நகர்த்தினால் அது சட்டத்துக்கு வெளியே போய்விடும். பலகையால் அந்த அளவுக்கு முடியும். என் விரல் அந்தத் திருகின் மேல்தான் இருந்தது.

துணிக்கு வெளியே யாரோ வந்து நிற்பது தெரிந்தது. செருப்பை வைத்து அத்தான் என்று கண்டுபிடித்தேன்.

"குழாய் தெரியுதா மாப்ள?"

"தெரியுது அத்தான்."

"கொஞ்சம் வெலகு, நான் பாக்கறேன்."

துணியைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அக்கா அடுத்த பெயரைக் கூப்பிட, பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து போனார். துணிக்குள்ளிருந்து அத்தானின் குரல் வந்தது.

"இருக்கட்டும். எடு."